அப்லோடு ஓடினா வீடியோ கால் ஏன் திக்குது?

கேள்வி: வீட்ல ஃபைபர் லைன், டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 10 தான். பையன் வீடியோவை கிளவுட்ல ஏத்த ஆரம்பிச்சா என் ஆபீஸ் கால் திக்கித் திக்கி நின்னுடுது, ஆனா ஸ்பீடு டெஸ்ட் போட்டா எல்லாம் கரெக்டா காட்டுது. பெரிய பிளானுக்கு மாறணுமா? (வாசகி, சேலம்)

பதில்: அவசரப்படாதீங்க மேடம். ஸ்பீடு டெஸ்ட்ல கண்ணுல படுற பிங் (சின்ன டேட்டா துண்டு ஒண்ணு போய்த் திரும்பி வர ஆகுற நேரம்), லைன் சும்மா இருக்கும்போது எடுத்தது. பையன் அப்லோடு ஓடுறப்பவே ஒரு பிங் போட்டுப் பாருங்க, 15 மில்லிசெகண்ட்ல வந்துட்டு இருந்தது 800, 1000னு எகிறினா சிக்கல் ஸ்பீடுல இல்ல, க்யூவுல, அதாவது டேட்டா காத்து நிக்கிற வரிசையில.

என்ன நடக்குதுன்னா, அனுப்புற கம்ப்யூட்டருக்கு லைன் எவ்வளவு தாங்கும்னு முன்கூட்டியே தெரியாது, பெரும்பாலான டிசிபி (டேட்டா அனுப்புற வேகத்தைப் பாத்துக்கிற நெட் விதிமுறை) ஒரு பாக்கெட் (டேட்டாவோட சின்னத் துண்டு) தொலைஞ்சாதான் "சரி, லைன் ஃபுல்"னு வேகத்தைக் குறைக்கும். ஆனா மோடம்ல மெமரி தாராளமா இருக்கே, அது ஒண்ணையும் தொலைக்காம எல்லாத்தையும் வாங்கி வரிசையில வெச்சுக்கிட்டே போகும். 1500 பைட் பாக்கெட் 1000 நின்னா 1.2 கோடி பிட், 10 எம்பிபிஎஸ்ல அது வெளிய போக 1.2 செகண்ட். உங்க குரல் பாக்கெட் குட்டியூண்டுதான், ஆனா அதுவும் அந்த வரிசையோட கடைசியில நிக்கணும். இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேர் வெச்சவர் ஜிம் கெட்டிஸ்ங்கிற கம்ப்யூட்டர் இன்ஜினியர். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்னு ஒரு வழி சொன்னாங்க. வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காம, ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்குது, 5 மில்லிசெகண்டுக்கு மேல காத்திருப்பு 100 மில்லிசெகண்ட் வரைக்கும் குறையாம இருந்தா பாக்கெட்டைத் தூக்கிப் போட ஆரம்பிச்சுடும். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இது.

உங்க ரவுட்டர்ல எஸ்க்யூஎம்னு (கோடெல் மாதிரி வழியில க்யூவை அடக்கி வெக்கிற வசதி) ஆப்ஷன் இருந்தா (ஓபன்டபிள்யூஆர்டிங்கிற ரவுட்டர் சாஃப்ட்வேர் போட்ட ரவுட்டர்ல சேத்துக்கலாம்) அப்லோடை 9 எம்பிபிஎஸ்னு வெச்சுப் பாருங்க. வேகத்தை நாமளே ஏன் குறைக்கணும்னு தோணும். வழியில எது மெதுவோ அங்கதான் க்யூ சேரும், அதனால ரவுட்டர் மோடத்தை விடக் கொஞ்சம் மெதுவா அனுப்பினா க்யூ உங்க கைக்கு வந்துடும், பையனோட வீடியோவுக்கு ஒரு வரிசை, உங்க காலுக்குத் தனி வரிசைன்னு அது பிரிச்சும் கொடுக்கும்.

கேள்வி: ஃபைபர்ல ஜிகாபிட் கணக்குல போகும்ங்கிறாங்க, அப்புறம் எனக்கு மட்டும் 40 எம்பிபிஎஸ்னு எப்படி நிறுத்துறாங்க? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: டோக்கன் பக்கெட்தான் வழக்கமான முறை சார். உங்க பேர்ல ஒரு கணக்கு, அதுல நொடிக்கு 40 மெகாபிட் வீதம் டோக்கன் விழுந்துட்டே இருக்கும், பாக்கெட் போகணும்னா அதோட சைஸுக்குத் தக்க டோக்கன் கழியணும். டோக்கன் தீந்துட்டா ரெண்டு வழி: காத்திருக்க வெச்சா ஷேப்பிங், அங்கயே தூக்கிப் போட்டா போலீசிங். கொஞ்ச நேரம் நெட் யூஸ் பண்ணாம இருந்தா டோக்கன் சேந்துக்கும் (அதுக்கும் ஒரு உச்ச வரம்பு உண்டு), அதான் டவுன்லோடு ஆரம்பத்துல சர்ருனு ஏறிட்டு அப்புறம் 40ல வந்து உக்காருது. டேட்டா லிமிட் முடிஞ்சு 64 கேபிபிஎஸ்னு ஆக்குறதும் இதே கணக்குதான், டோக்கன் விழுற வேகத்தை மட்டும் குறைச்சுடுவாங்க. அப்போ 1500 பைட் பாக்கெட் ஒண்ணே ஒண்ணு போக கிட்டத்தட்ட 190 மில்லிசெகண்ட், 1 எம்பி போட்டோ இறங்க 2 நிமிஷத்துக்கு மேல. ஓடிபி வரும், படம் வராது.

கேள்வி: ரவுட்டர்ல கேமுக்கு ஹை பிரையாரிட்டி கொடுத்தும் டவுன்லோடு நேரத்துல லேக் ஆகுதே? (வாசகர், மதுரை)

பதில்: டவுன்லோடுக்கான க்யூ உங்க வீட்லயே இல்லீங்க, கம்பெனிக்காரங்க பக்கம் இருக்கு. உங்க ரவுட்டர் கைக்கு வர்றப்போ லேட் ஆகி முடிஞ்சிருக்கும், அப்புறம் பிரையாரிட்டி கொடுத்து என்ன பண்ண? டவுன்லோடையும் பிளான் வேகத்துல 85-90 சதவீதத்துக்கு ஷேப் பண்ணுங்க, அதைத் தாண்டினா ரவுட்டர் பாக்கெட்டைத் தொலைக்கும், அனுப்புறவன் தானா அடங்குவான். விலை கம்மியான ரவுட்டரா இருந்தா அதோட பிராசசர் இதுக்கே மூச்சு வாங்கும், ஆன் பண்ணினதும் ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டுக்கோங்க.