கொரோனா தீவிரமானவர்களுக்குக் குடலும் ஏன் கெட்டுப்போகிறது?

நுரையீரல் நோய்தானே, ஐசியூவில் இருந்த உங்கள் மாமாவுக்குக் குடல் எப்படி நின்றுபோனது என்று கேட்டிருக்கிறீர்கள். 2021 மே மாதம் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை ஐசியூவில் நர்ஸாக இருந்தேன், கடலூரிலிருந்துதான் போய்வருவேன். வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் "ஆக்சிஜன் எவ்வளவு சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். உள்ளே எங்களுக்கு, மோஷன் போனாரா என்ற கவலையும் இருக்கும்.

இந்த வைரஸ் உள்ளே நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பி சிறுகுடலின் உட்சுவரில் ஏராளம். லேசான தொற்று என்றால் பேதி, வாந்தியோடு போய்விடும். ஐசியூ வரை போனவர்கள் கதை வேறு. வென்டிலேட்டரில் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் ஃபென்டனில் குடல் அசைவை மந்தமாக்கும். பிரஷரை ஏற்றும் மருந்து குடலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கலாம். பொட்டாசியமும் இறங்கினால் கேட்கவே வேண்டாம். அடுத்த ஃபீடுக்கு (திரவ உணவுக்கு) முன் ரைல்ஸ் டியூபில், அதாவது மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாயில், சிரிஞ்சு வைத்து இழுத்தால், முன்பு கொடுத்தது அப்படியே திரும்பி வரும். வயிறு பானைபோல உப்பும்.

அதைவிடப் பயங்கரம் ரத்தக்கட்டி. குடலின் ரத்தக்குழாய் அடைத்தால் அந்தப் பகுதி அழுகிவிடும். வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். வயிற்றை அமுக்கினால் மெத்தென்றிருக்கும், ஆனால் ஆள் வலியில் துடிப்பார். மயக்கத்தில் இருப்பவர் எங்கே துடிப்பது? உடல் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது சேரும் லாக்டேட் ரத்தத்தில் ஏறுவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, சிடி ஸ்கேன் எடுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதெல்லாம் ஐசியூவில் எல்லாருக்கும் வருவதுதானே என்று நானும் நினைத்தேன். 2020இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை மருத்துவர்கள், நுரையீரல் ஒரே அளவு மோசமாக இருந்த கொரோனா நோயாளிகளையும் கொரோனா இல்லாத நோயாளிகளையும் ஒப்பிட்டார்கள். கொரோனா நோயாளிகளில் 74 சதவீதத்தினருக்கு வயிறு, குடல், கல்லீரல் சிக்கல்கள், மற்றவர்களில் 37. குடலுக்கு ரத்தம் நின்றது 4 சதவீதம். மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் 92 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் வித்தியாசம் பெரிது.

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால் ஒன்று மட்டும்: திடீரென்று தாங்காத வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிறு உப்பி காற்றுகூடப் பிரியாமல் இருப்பது, இதில் எது வந்தாலும் ஓமவாட்டர், எனிமா என்று நேரத்தைப் போக்காதீர்கள். நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவருக்குக் குடல் நின்று ஐந்து நாள். ஃபீடை நிறுத்தி, டியூபைத் திறந்துவிட்டு, பொட்டாசியம் ஏற்றிக் காத்திருந்தோம். ஆறாம் நாள் விடிகாலை அவருக்குக் காற்று பிரிந்தது. பிபிஇ கிட்டுக்குள் வியர்வையோடு நின்ற நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.