சும்மா கிடக்கும் மணல்மேடு

கேள்வி: ஓய்வு பெற்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலை ஒட்டிய மனையில் வீடு கட்டிக் குடியேறப் போகிறேன். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். மனைக்கு முன்னால் ஒரு மணல்மேடு சும்மா கிடந்து கடலை மறைக்கிறது. அதைச் சமன்படுத்திச் சவுக்கு நட்டுவிடலாமா? உப்புக்காற்றுக்கு எந்த பெயின்ட் தாங்கும்?
- வாசகர், செங்கல்பட்டு

பதில்: பெயின்ட் கிடக்கட்டும் ஐயா. அந்தச் 'சும்மா'வைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இந்த ஒரு சொல்லைச் சொல்லியே எவ்வளவு நிலத்தைத் தொலைத்துவிட்டோம்! கோடையில் வற்றிய ஏரி சும்மா கிடந்தது, கட்டடம் வந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு சும்மா கிடந்தது, ஊர்க் குப்பையைக் கொட்டினோம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான். இப்போது உங்கள் மணல்மேடு.

அது ஒரு நாளும் சும்மா கிடப்பதில்லை. கிட்டப் போய்க் குனிந்து பாருங்கள். மான் குளம்பு போலப் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக அடும்பங்கொடி படர்ந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர். காற்றில் பறந்து வரும் மணல் கொடியில் தட்டி அங்கேயே விழும், கொடி அதன்மேல் ஏறும், மறுபடி மணல். இப்படிச் சேர்ந்ததுதான் மேடு. புயலில் அலை இந்த மணலைத்தான் அரித்துக்கொண்டு போகும், உங்கள் அஸ்திவாரத்தை அல்ல. கடல் அடங்கியதும் அதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து போடும்.

இலங்கையின் யால பகுதியில் ஒரு விடுதி, கடல் அழகாகத் தெரியட்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டில் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அது முற்றாக அழிந்தது. மேடு கலையாமல் இருந்த அக்கம்பக்கத்தில் சேதம் குறைவு. அலை போன பிறகு ஆய்வாளர்கள் அளந்து எழுதிவைத்த செய்தி இது. சட்டமும் உங்களுக்கு இடம் தராது. மணல்மேட்டைத் தட்டவோ உருமாற்றவோ கூடாது என்று கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 முதலே சொல்லிவருகிறது. 2019 அறிவிக்கையிலும் அந்தத் தடை இருக்கிறது.

குடிநீரும் அந்த மேட்டின் அடியில்தான். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நல்ல நீர் இருக்கும். மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும் என்பதும் அதே கணக்குதான். அதனால் ஆழ்துளைக் கிணறு வேண்டாம். ஆழமில்லாத உறைகிணறு போட்டு, கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள்.

சவுக்கு வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. அதன் நிழலும் உதிர்ந்த சருகும் அடும்பைக் கொன்றுவிடும். பங்குனி ஆமைக்கு முட்டையிடத் திறந்த மணல் வேண்டும். அதையும் சவுக்கு அடைத்துக்கொள்ளும். ஜனவரியிலிருந்து மே வரை கடல் பக்கத்து விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நம்பி உங்கள் வாசலுக்கு வந்து சாகும்.

பெயின்டுக்கு வருகிறேன். உப்பு முதலில் தேடுவது கம்பியை. மழைக்காலத்தில் அடுக்களை உப்புச் சாடி கசியுமே, அதேதான் கீல், தாழ்ப்பாள், கம்பி எல்லாவற்றிலும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். இரும்பு இரவெல்லாம் உப்புநீரில் ஊறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே கம்பி உப்பி, தளத்தின் அடிப்பக்கம் பிளந்து காரை பெயர்ந்து விழும். மேலே எந்த பெயின்ட் அடித்தும் பயனில்லை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456-இன்படி கடலோரக் காற்று படும் கான்கிரீட்டின் வலிமைத் தரம் குறைந்தது எம்-30 ஆக இருக்க வேண்டும், கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மி.மீ. கனம் வேண்டும், அலைத் திவலை தெறிக்கும் இடமென்றால் எம்-35, 50 மி.மீ. கொத்தனார் கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டைச் சொருகுவார். விடாதீர்கள், அளவாக வார்த்த கவர் பிளாக்கையே வைக்கச் சொல்லுங்கள். கலக்கும் நீரைச் சோதித்து வாங்குங்கள்: லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. கடல் மணல் ஒரு சட்டிகூட வேண்டாம். திருகு, கீல் எல்லாம் 316 ரக எவர்சில்வரில் வாங்குங்கள். 304 அங்கே பழுப்புக் கறை பிடிக்கும். ஏ.சி.யின் வெளி யூனிட்டை மேற்குச் சுவரில் மாட்டி, 15 நாளுக்கு ஒருமுறை நல்ல நீரால் கழுவுங்கள்.

கடல் தெரிய வேண்டுமா? மேட்டுக்குப் பின்னால் தள்ளிக் கட்டி, அனுமதிக்கும் உயரத்துக்குள் மாடியில் திண்ணை வையுங்கள். கரைக்கு இறங்க ஒரே ஒரு பாதை போதும். அதையும் நேராக வெட்டினால் காற்று அதன் வழியே புகுந்து மேட்டைக் குடைந்துவிடும். சாய்வாக வளைத்து, மணலுக்கு மேல் பலகை போடுங்கள். இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டைகள் முற்றி உதிர்ந்து, காற்றில் கரையெல்லாம் உருண்டு ஓடும். பேரப்பிள்ளைகள் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடட்டும்.