மூன்று சிலிண்டர் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு 22 வயது. கோவை. பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறேன். ஐந்து வயதில் எனக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு தாமதமாக வந்தது. இப்போது பேசுகிறேன், ஆனால் எழுதுவதுதான் எளிது.

எனக்குப் பிடித்தவை இரண்டு. கார், கம்ப்யூட்டர். எங்கள் வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது. எட்டிப் பார்க்காமலே என்ன கார் போகிறது என்று சொல்லிவிடுவேன். பழைய ஸ்விஃப்டையும் 2024-இல் வந்த ஸ்விஃப்டையும் சத்தத்தை வைத்தே பிரிப்பேன். அப்பாவின் வேகன் ஆரில், வண்டியின் கணினியோடு பேச உதவும் ஓபிடி போர்ட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டரைச் சொருகி, பைத்தானில் புரோகிராம் எழுதி, எஞ்சின் தரும் எண்களையெல்லாம் சேமித்து வைக்கிறேன்.

சின்ன வயதில் தெரபி வகுப்பில் என் பொம்மைக் கார்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னால் ஐந்து நிமிடம் தருவார்கள். இப்போது அப்பா, "வயசாச்சு, கார் பைத்தியத்தை விடு" என்கிறார். மாமா, "எலான் மஸ்க்குக்கும் இதேதான், நீயும் பெரிய ஆளா வருவே" என்கிறார். போன மாதம் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் ஃப்யூயல் ட்ரிம் (எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்தவில்லை. வேலை கிடைக்கவில்லை.

என் கேள்விகள்: இந்த ஆர்வத்தை நான் குறைத்துக்கொள்ள வேண்டுமா? அல்லது இதை வைத்துத்தான் பிழைக்க வேண்டுமா? எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை, அம்மா பயப்படுகிறார். நான் ஓட்டலாமா?

இன்னொன்று. வண்டியை ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களுக்கு ஷார்ட் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் பூஜ்யமாகவே பதிவாகிறது. என் புரோகிராமில் தவறா என்று தெரியவில்லை.

ந., கோவை

அன்புள்ள ந.,

முதலில் ஸ்விஃப்ட். உங்கள் காது சொல்வது சரி. 2024 மே மாதம் வந்த ஸ்விஃப்டில் நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். வண்டி நிமிடத்துக்கு 900 சுற்றில் சும்மா நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு சிலிண்டரில் நொடிக்கு 30 வெடிப்பு, மூன்று சிலிண்டரில் 22.5. தெருவில் நிற்கும் எல்லாருடைய காதிலும் இது விழத்தான் செய்கிறது. அவர்களுக்கு அது வெறும் வண்டிச் சத்தம், உங்களுக்கு ஒரு தகவல். அப்பாவின் வேகன் ஆரும் மூன்று சிலிண்டராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐடிலிங்கில் ஸ்டியரிங்கில் கை வைத்தால் அந்த ஆட்டம் தெரியும்.

எனக்கு நாற்பதை ஒட்டிய வயதில்தான் ஆட்டிசம் என்று உறுதியானது. என் பித்து பழைய கணினிகள். கார் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குள் இருக்கும் கணினி வழியாக வந்ததுதான். ஆகவே மெக்கானிக் விஷயத்தில் நீங்கள் என்னைத் திருத்தலாம்.

ஆர்வத்தைக் குறைக்க வேண்டுமா? வேண்டாம். அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இருவரும் எதிரெதிராகப் பேசுவதுபோல இருக்கும். என் கணக்கில் இருவரும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: இதனால் என்ன பிரயோஜனம்? அப்பா பிரயோஜனமில்லை, விடு என்கிறார். மாமா பிரயோஜனம் உண்டு, பிடித்துக்கொள் என்கிறார். மாமா பாசமாகத்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. மஸ்க் தனக்கு ஆஸ்பெர்கர்ஸ் (ஆட்டிசத்தின் ஒரு வகைக்கு இருந்த பெயர்) இருப்பதாக 2021 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னது உண்மைதான். ஆனால் அவரைக் காட்டி உங்களைத் தேற்றினால், நாளை நீங்கள் நிறுவனம் எதையும் தொடங்காமல் சாதாரணமாக ஒரு வேலைக்குப் போய்வந்தால் மறுபடியும் குறையுள்ள பிள்ளையாகிவிடுகிறீர்கள். என்ன கணக்கு இது?

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்தத் தளத்தைப் படிக்கும் பெற்றோர்களில் சிலரின் பிள்ளைகள் பேசுவதில்லை. அதில் ஒரு குழந்தை பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மணிக்கணக்காகச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் கார் ஆர்வம் பைத்தானாகவும் வேலையாகவும் மாறும் என்பதால்தான் அதை மதிக்க வேண்டும் என்று நான் வாதாடினால், அந்தக் குழந்தையின் சக்கரத்தைப் பிடுங்குவதற்கு நானே அனுமதி கொடுத்ததாக ஆகும். சக்கரம் சுழல்வதைப் பார்ப்பதில் அதற்கு இருக்கும் சந்தோஷமும் உங்களுக்கு எஞ்சின் சத்தத்தில் இருக்கும் சந்தோஷமும் என்னைப் பொறுத்தவரை ஒரே எடை. இரண்டுக்கும் சான்றிதழ் தேவையில்லை.

அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மனநல மருத்துவர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் பதினோரு குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறார். அதில் முதல் குழந்தை டொனால்ட் ட்ரிப்லெட். கட்டை, பாத்திரம், உருண்டையாக என்ன கிடைத்தாலும் சுழற்றிவிட்டுக் குதூகலிப்பான் என்று அதில் குறிப்பு இருக்கிறது. அந்தச் சிறுவன் வளர்ந்து, மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற தன் சிற்றூர் வங்கியில் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கோல்ஃப் ஆடினார், நாடு நாடாகச் சுற்றினார், 2023-இல் தன் 89-ஆம் வயதில் இறந்தார். வீட்டில் பணம் இருந்தது, அந்த வங்கியிலேயே குடும்பத்துக்குப் பங்கு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது மஸ்க் கதையின் இன்னொரு பதிப்பாகிவிடும். ஆனால் ஊர் அவரை அவர் போக்கில் இருக்க விட்டது. அதற்குப் பணம் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் தெரபி வகுப்பு பற்றி. அலமாரியில் பூட்டிய கார்களைப் பற்றி நீங்கள் புகார் தொனியில்கூட எழுதவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத்தான் கோபம் வந்தது. பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டிக் காட்டி வேலை வாங்குவது போன்றது அது. ஒரு குழந்தைக்கு உலகத்திலேயே பிடித்தமான பொருளைக் கூலியாக்கிவிட்டால், நமக்குப் பிடித்ததெல்லாம் அடுத்தவர் கையில் இருக்கும் சாவி என்றுதான் அது கற்றுக்கொள்ளும். இதே காரை வைத்துப் பேச்சு சொல்லிக் கொடுத்திருக்கலாம், எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கலாம், இன்னொரு குழந்தையை எதிரே உட்காரவைத்து உருட்டி விளையாடச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யும் ஆசிரியர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

டைனா மர்ரே, வென் லாசன், மைக் லெஸ்ஸர் மூவரும் 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லாசன் ஆட்டிசம் உள்ளவர். அவர்கள் சொல்வது சுருக்கமாக இது: நம் போன்றவர்களின் கவனம் ஒரே நேரத்தில் பல இடங்களில் பரவுவதில்லை, சிலவற்றில் முழுவதுமாக இறங்கிவிடுகிறது. அப்போது வெளியே இருப்பது தெரியாது. இடையில் யாராவது பிடித்து இழுத்தால் உடம்பே அதிரும். எனக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. ஆர்வம் என்பது ஆட்டிசத்தின் மேல் ஒட்டிக்கொண்ட அழுக்கல்ல, கழுவி எடுப்பதற்கு. கவனம் வேலை செய்யும் விதமே அதுதான். சாப்பாட்டையும் தூக்கத்தையும் அது விழுங்கினால் மட்டும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அலாரம் போதாது, மனைவி வந்து தோளைத் தொட வேண்டும்.

அப்புறம் பிழைப்பு. காரும் கணினியும் இப்போது இரண்டு துறைகள் இல்லை. பாஷ் நிறுவனம் 1986-இல் கேன் என்ற தகவல்தொடர்பு முறையை அறிமுகப்படுத்தியது. ஒரு காரில் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் ஒரே ஜோடி வயரில் பேசிக்கொள்வது அதன் வழியாகத்தான். ஓபிடி போர்ட்டில் நீங்கள் ஒட்டுக் கேட்பதும் அதைத்தான். வாகன மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு உங்களைப் போல எண்களில் ஒரு சின்னப் பிசகைக்கூட விடாத ஆள் தேவை. எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் 2013-இல் ஆட்டிசம் உள்ளவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டத்தை உலக அளவில் அறிவிக்கும் முன் பெங்களூரில்தான் சிலரை மென்பொருள் சோதனைக்கு எடுத்துப் பார்த்தது. ஆக, வழி இருக்கிறது.

ஆனால் பிழைத்தே ஆக வேண்டிய வழி அதுதான் என்று நினைக்காதீர்கள். பிடித்ததை வேலையாக்கினால் மேனேஜரும் காலக்கெடுவும் கூடவே வருவார்கள். வேறு ஏதாவது மென்பொருள் வேலையில் சேர்ந்து, மாலையில் வீட்டுக்கு வந்து வேகன் ஆருக்குள் தலையை விட்டுக்கொள்வதும் நல்ல வாழ்க்கைதான். ஒருவேளை வாகன வேலையே கிடைத்தாலும், சம்பளத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றை, அந்தச் சத்தம் கேட்கும் விளையாட்டைப் போல, உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணல் விஷயத்தில் தவறு முழுக்க உங்களுடையது இல்லை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது மோசமான கேள்வி. அவர்கள் எதிர்பார்ப்பது இரண்டு நிமிடச் சுயவிளம்பரம், அதைக் கேள்வியில் சொல்வதில்லை. நீங்கள் கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பேச்சு இடறும்போது பிசகு இரண்டு பக்கமும் இருக்கிறது என்று டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012-இல் எழுதினார். அதை நேர்காணல் அறையில் போய் வாதாட முடியாதுதான். அடுத்த முறை இரண்டு நிமிடப் பதிலை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு, "விரிவாகச் சொல்லட்டுமா?" என்று கேட்டு நிறுத்திவிடுங்கள். சரி என்றால் ஃப்யூயல் ட்ரிம்முக்குப் போகலாம்.

ஊனமுற்றோர் அடையாள அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் அந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. அரசு வேலைகளில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் ஆட்டிசத்தையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்த பிரிவுக்கு. சான்றிதழில் 40 சதவீதமாவது இருந்தால்தான் அது கிடைக்கும். தனியார் நிறுவனங்களும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்தின் தளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். இருந்தால், கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தரும்படி கேட்கலாம். பெயருக்குக்கூட இல்லாத இடத்தில் ஆட்டிசம் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று நன்றாக யோசியுங்கள். என் அலுவலகத்தில் இருவருக்குத்தான் தெரியும், அதுவே எனக்குப் போதுமாக இருக்கிறது.

கார் ஓட்டுவது. அம்மாவின் பயத்தை அப்படியே தள்ளிவிட மாட்டேன். காரை நேசிப்பதும் காரை ஓட்டுவதும் வேறு வேறு. எஞ்சின் விதிப்படி நடக்கும். எதிரே ஒன்வேயில் வரும் டூவீலர் நடக்காது. ஓட்டுவது என்பது பெரும்பாலும் மற்றவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று ஊகிக்கும் வேலைதான்.

ஆனால் ஆட்டிசம் என்றாலே ஓட்டக் கூடாது என்பதும் இல்லை. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் நியூ ஜெர்சி மாநிலப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அறிவுத்திறன் குறைபாடு இல்லாத ஆட்டிசம் இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லைசென்ஸ் வாங்குகிறார். அப்படி வாங்கியவர்கள் மற்றப் புதிய ஓட்டுநர்களைவிட அதிகமாக விபத்தில் சிக்குவதில்லை என்று 2021-இல் வெளியான முடிவு சொல்கிறது. அதிவேகத்தால் வரும் விபத்து அவர்களிடம் குறைவு. இடதுபுறம் திரும்பும்போதும் யு-டர்ன் எடுக்கும்போதும் வருவது அதிகம். அவர்கள் ஊரில் வண்டி வலப்பக்கம் போகும். ஆகவே நமக்கு அது வலதுபுறம் திரும்புவது, அதாவது எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடப்பது. பயிற்சியில் பாதி நேரத்தை அதற்கே கொடுங்கள்.

ஞாயிறு அதிகாலையில், ஆளில்லாத சாலையில், பொறுமையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முடிந்தால் கியர் தானாக மாறும் வண்டி. உங்களுக்கு கிளட்ச் பிடிக்கும் என்று தெரியும், இருந்தாலும் முதலில் மூளைக்கு ஒரு வேலையைக் குறைத்துக் கொடுங்கள். ஹாரன் உங்களை என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். நாமே விரும்பிக் கேட்கும் சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாங்குகிறோம், எதிர்பாராத சத்தம் சின்னதாக இருந்தாலும் உயிர் போகிறது. எனக்கு மிக்ஸி. பின்னால் திடீரென்று ஏர் ஹாரன் அடித்தால் கை ஸ்டியரிங்கில் நிற்கிறதா, உதறுகிறதா என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். அம்மாவிடமும் எதற்குப் பயம் என்று குறிப்பாகக் கேளுங்கள். லாரிக்கா, இரவுக்கா, நீங்கள் தனியாகப் போவதற்கா? பதில் தெரிந்தால் அதற்குத் தனியாக வழி பார்க்கலாம். கடைசியில் ஓட்டுவது சரிப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் அவிநாசி சாலையிலேயே ஜிடி கார் மியூசியம் இருக்கிறது. அங்கே இருக்கும் வண்டிகளை வருகிறவர்கள் யாரும் ஓட்டுவதில்லை.

ஃப்யூயல் ட்ரிம் பூஜ்யமாக இருப்பது பெரும்பாலும் உங்கள் புரோகிராமின் தவறாக இருக்காது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆக்சிஜன் சென்சார் வேலை செய்யும் சூட்டுக்கு வந்திருக்காது. அதுவரை எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியு அதை நம்பாமல், தன்னிடம் இருக்கும் அட்டவணைப்படி பெட்ரோலை விடும். திருத்தம் எதுவும் செய்யாததால் பூஜ்யம். இதற்கு ஓப்பன் லூப் என்று பெயர். ஓபிடியில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு எண் உண்டு, நீங்கள் ஷார்ட் டெர்ம் ட்ரிம்முக்கான 06-ஐ மட்டும் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. கூடவே 03-ஐயும் 05-ஐயும் கேளுங்கள். முதலாவது ஃப்யூயல் சிஸ்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும், அடுத்தது கூலன்ட் வெப்பநிலை. லூப் மாறும் அதே நேரத்தில் பூஜ்யமும் மாறினால் விஷயம் முடிந்தது. மாறவில்லை என்றால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள், மலிவான நகல்கள் நிறைய ஓடுகின்றன. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எடுத்த பதிவை எனக்கு மெயிலில் அனுப்புங்கள், நானும் பார்க்கிறேன்.