பன்னிரண்டு ஆந்தைகள் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. மியூனிக்கில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவி, இரண்டு குழந்தைகள். அவசரச் செலவுக்கென்று ஆறு மாதப் பணத்தை ஒதுக்கியது போக 30,000 யூரோ கையில் இருக்கிறது. பழங்கால நாணயங்களில் நெடுநாள் ஆர்வம் உண்டு. ஏதென்ஸ் நகரத்தின் ஆந்தை நாணயம் ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறேன். இப்போது ஒரு வியாபாரி, அதே வகையில் பன்னிரண்டு நாணயங்களை மொத்தமாக 12,000 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார். "2,400 ஆண்டுப் பழைமை, அரிய பொருள், ஆண்டுக்கு எட்டு சதவீதம் விலை ஏறும்" என்கிறார். ஐந்தாறு ஆண்டுகளில் கோவைக்குத் திரும்பும் எண்ணம் இருக்கிறது. அங்கே போனபின் குழந்தைகளின் படிப்புக்கு இவற்றை விற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மனைவியோ வீட்டுக்குள் ஒரு ஆந்தை போதும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் என் பதிலும். காரணம் மட்டும் வேறு. ஆசைக்கு இன்னும் ஒன்று, அதுவும் நல்லதாகப் பார்த்து, வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வேண்டாம். குழந்தைகளின் படிப்புப் பணத்தில் வேண்டவே வேண்டாம்.

முதலில் அந்த "அரிய பொருள்" என்ற பேச்சைப் பார்ப்போம். கி.மு. 431-இல் எதிரி நகரமான ஸ்பார்ட்டாவுடன் போர் மூண்ட வேளையில், ஏதென்ஸின் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸில் நாணயமாக அடிக்கப்பட்ட வெள்ளி மட்டும் 6,000 தாலந்து இருக்கிறது என்று அந்நகரத் தலைவர் பெரிக்ளிஸ் மக்களுக்கு எடுத்துச் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். தாலந்தும் திராக்மாவும் அக்காலப் பண அளவுகள்: ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா. உங்களிடம் இருப்பது நான்கு திராக்மா நாணயம். அப்படியானால் ஒரு தாலந்துக்கு 1,500 நாணயம். 6,000 தாலந்துக்கு 90 லட்சம். எல்லாமே நான்கு திராக்மா நாணயங்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்குத்தான், ஆனால் அளவு புரிகிறதல்லவா? ஒரு நாள், ஒரு கருவூலத்தின் கையிருப்பு இது. ஏதென்ஸின் லாரியம் சுரங்கத்து வெள்ளியும், கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பமும் நாணயமாகிக்கொண்டே இருந்தன. 200 பேர் வலிக்கும் ஒரு போர்க்கப்பலுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி என்றால், மாதம் ஒரு தாலந்து கரைந்தது. அந்தப் பணம் எகிப்து, சிரியா, இன்றைய துருக்கி என்று பரவிப் புதைந்தது. இன்னும் மண்ணிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பெரிய ஏலங்களின் பட்டியலைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஆந்தை உட்கார்ந்திருப்பதைக் காணலாம். பழையது வேறு, அரியது வேறு. வியாபாரி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே அரியதாக இருந்தாலும் நிம்மதி இல்லை. ஏதென்ஸின் பத்து திராக்மா நாணயம் உலகில் பதினைந்துக்கும் குறைவாகவே இருப்பதாக ஒரு காலத்தில் அறியப்பட்டிருந்தது. 1984-இல் துருக்கியின் எல்மாலி அருகே ஒரு புதையல் கிடைத்தது. அதில் மட்டும் ஒரு டஜனுக்கு மேல் இருந்தன. ஒரே நாளில் எண்ணிக்கை இரட்டிப்பானது. அந்தப் புதையல் துருக்கியிலிருந்து கடத்தப்பட்டது என்று வழக்கு நடந்து, பெரும்பகுதியை வாங்கியிருந்த அமெரிக்கத் தரப்பு 1999-இல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இனி உங்கள் 12,000 யூரோ. வியாபாரி கேட்பது ஒன்றுக்கு 1,000. எடுத்துக்காட்டுக்கு, அதே தரமுள்ள நாணயம் ஏலத்தில் 800-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் அதற்கு மேல் இருபது சதவீதம் அளவுக்குக் கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்த்து ஏறக்குறைய 1,000 கட்டுகிறார். விற்பவரிடமும் ஏல நிறுவனம் கழிவு பிடிக்கும். பதினைந்து சதவீதம் என்றால் 680 கைக்கு வரும். வாங்கிய மறுநாளே விற்றால் 320 யூரோ போய்விட்டது. நகைக்கடையின் செய்கூலி, சேதாரம் போலத்தான், ஆனால் இங்கே சதவீதம் பெரிது. போட்ட 1,000 திரும்ப வர வேண்டுமானால் ஏல விலை 1,176-ஐத் தொட வேண்டும். வியாபாரியின் எட்டு சதவீதம் ஆண்டு தவறாமல் அப்படியே பலித்தாலும் அதற்கு ஐந்து ஆண்டுகள் ஆகும். நீங்கள் ஊர் திரும்ப நினைக்கும் அதே ஐந்து ஆண்டுகள். அதுவரை வட்டியும் இல்லை, பங்காதாயமும் இல்லை. நான்கு சதவீதம் என்றால் பத்து ஆண்டுகளை நெருங்கும். எட்டு சதவீதம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டீர்களா?

வெள்ளி விலை கைகொடுக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஒரு ஆந்தையின் எடை சுமார் 17.2 கிராம். நீங்கள் கொடுக்கும் விலையில் உலோகத்தின் பங்கு சிறியது.

பிறகு விலை எதில் இருக்கிறது? உங்கள் நாணயத்தை எடுத்து விளக்கடியில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி. கவசத்தின் உச்சியில் ஒரு கொண்டை இருக்க வேண்டும். பெரும்பாலான நாணயங்களில் அது வெளியே தப்பிப் போயிருக்கும். ஏனென்றால் அச்சு பெரிது, வெள்ளித் துண்டு சிறிது. கொண்டை முழுதாக விழுந்த நாணயம் கிடைத்தால், பக்கத்திலிருக்கும் சாதாரண நாணயத்தைவிடப் பல மடங்கு விலை போகும். மறுபக்கம் ஆந்தை, அதன் தோளருகே ஒலிவக் கிளையும் பிறைநிலவும், வலப்புறம் ஊர்ப் பெயரின் முதல் மூன்று கிரேக்க எழுத்துகள். அந்த மூன்றும் வெட்டுப்படாமல், ஆந்தையின் முகம் தேயாமல் நடுவில் விழுந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மொத்தமாக விற்கப்படும் பன்னிரண்டில் இப்படிப்பட்டவை இருக்குமா? நல்லதைத் தனியே விற்றால் கூடுதல் காசு என்பது வியாபாரிக்குத் தெரியாதா என்ன? பொறுக்கிய பின் மிஞ்சியதுதான் மொத்தமாக வரும். அதிலும் சில, எகிப்திலும் கிழக்கு மத்தியதரைக் கடல் ஊர்களிலும் ஏதென்ஸைப் பார்த்து அக்காலத்திலேயே அடித்தவையாக இருக்கலாம். போலி அல்ல, ஆனால் விலை வேறு.

போலிகளும் தாராளமாக உண்டு. இந்தக் கவலையும் புதிதல்ல. கி.மு. 375/4-இல் ஏதென்ஸில் நிகோஃபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம் கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. அரசின் அடிமையான ஒரு சோதனையாளர் அகோரா என்ற சந்தைவெளியில், வங்கிக்காரர்களின் மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் நாணயத்தை அங்கேயே வெட்டிவிடுவார். அவர் நல்லது என்று சொன்னதை வாங்க மறுக்கும் கடைக்காரரின் அன்றைய சரக்கு பறிமுதல். பல ஆந்தைகளின் முகத்தில் ஆழமான உளி வெட்டு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்; யாரோ ஒருவர் உள்ளேயும் வெள்ளிதானா என்று பார்த்ததன் தடம் அது. இன்றைய சேகரிப்பாளர்கள் அதற்காக விலையைக் குறைக்கிறார்கள். உங்களைப் போல் ஆர்வத்துக்கு வாங்குபவருக்கு அது லாபம். என்னைக் கேட்டால், இரண்டாவது நாணயமாக வெட்டுப்பட்ட ஒன்றையே பார்க்கச் சொல்வேன்: குறைந்த விலை, வெட்டின் வழியே உள்வெள்ளியும் தெரியும்.

உங்கள் கடிதத்தில் ஆவணங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது. கி.மு. 404-இல் ஏதென்ஸ் வீழ்ந்தபின், வென்ற ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் வெள்ளி மூட்டைகளை கிலிப்பஸ் என்ற இன்னொரு தளபதியிடம் கொடுத்து ஸ்பார்ட்டாவுக்கு அனுப்பினார். கிலிப்பஸ் மூட்டைகளின் அடித்தையலைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, திரும்பத் தைத்துவிட்டார். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் தொகை எழுதிய சீட்டு இருந்தது அவருக்குத் தெரியாது. எடுத்ததைத் தன் வீட்டுக் கூரை ஓட்டுக்கடியில் ஒளித்தார். "ஓட்டின் கீழே நிறைய ஆந்தைகள் தூங்குகின்றன" என்று அவருடைய வேலையாளே காட்டிக்கொடுத்தான் என்கிறார் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க். இன்றைய சந்தையிலும் சீட்டுதான் பேசும். எந்த ஏலம், எந்த ஆண்டு, யாருடைய சேகரிப்பு என்று பழைய படத்தோடு காட்ட முடிந்த நாணயம் எளிதில் விற்கும். "ஒரு பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்ற வாய்மொழி மட்டும் உள்ளதை நல்ல ஏல நிறுவனங்கள் தயங்கித்தான் தொடும். வெளிநாட்டிலிருந்து பழம்பொருள் கொண்டுவருவதற்கான ஐரோப்பிய ஒன்றிய விதிகள் 2025 ஜூன் 28 முதல் இன்னும் இறுகியிருக்கின்றன.

வரியில் மட்டும் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜெர்மனியில் தனிநபராக, ஒரு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு வரி இல்லை. அதற்குள் விற்றால், அந்த ஆண்டில் இத்தகைய விற்பனைகளின் மொத்த லாபம் 1,000 யூரோவை எட்டும்போது முழு லாபமும் வருமானத்தோடு சேரும். அடிக்கடி வாங்கி விற்றால் வணிகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கோவைத் திட்டம்தான் பெரிய ஓட்டை. ஐரோப்பாவை விட்டு எடுத்துப்போக ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம். அதைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்துவிட்டால், 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் "பழம்பொருள்". அது கிரேக்க நாணயம் என்பதற்காக விலக்கு இல்லை. தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆந்தைக்குச் சந்தை இருப்பது மியூனிக்கிலும் லண்டனிலும் சூரிச்சிலும். உங்கள் பொருள் இருப்பது கோவையில். உள்ளூரில் வாங்க ஆள் கிடைத்தாலும் அவர் சொன்னதுதான் விலை. இந்தியாவில் விற்றால் லாபத்தின் மீது மூலதன ஆதாய வரியும் உண்டு: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம். ஆகவே விற்க நினைப்பதை ஊர் திரும்பும் முன் ஜெர்மனியிலேயே விற்றுவிடுங்கள். கொண்டுவருவதானால், இனி விற்கப்போவதில்லை என்று முடிவெடுத்துக் கொண்டுவாருங்கள். சுங்க விதிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

30,000-இல் அதிகபட்சம் 1,500 யூரோவை இரண்டாவது ஆந்தைக்கு ஒதுக்கலாம். படிப்புப் பணத்தில் ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படுவதை வைப்புநிதியிலும், மீதியைக் குறைந்த செலவுள்ள, பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறியீட்டு நிதியிலும் போடுங்கள். வீட்டு உடைமைக் காப்பீட்டில் நாணயங்களுக்குத் தனி வரம்பு இருக்கும். எவ்வளவு என்று பாருங்கள். ரசீதும் படங்களும் உள்ள கோப்பு எங்கே இருக்கிறது, எந்த ஏல நிறுவனத்தை அணுக வேண்டும் என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வியாபாரியிடம் ஒன்றைக் கேளுங்கள்: மூன்று ஆண்டு கழித்து இதே பன்னிரண்டையும், வாக்களித்த எட்டு சதவீதத்தோடு, தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதித் தருவாரா? அவர் பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.