பதில்: குழாயில் படிந்த வெள்ளைக் கறை போகவில்லை, பிளீச்சிங் பவுடர் சேர்க்கலாமா?

தயவுசெய்து சேர்க்காதீர்கள். வினிகரும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தும் கறை போகவில்லை என்கிறீர்கள். அதற்காக வினிகருடன் பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். சிறிய குளியலறையில், அதுவும் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறும் வினிகரைப் போல அமிலம்தான், அதையும் பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கக்கூடாது.

கறை போகாததற்குக் காரணம் அந்தக் கலவையேதான். வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் சேர்ந்ததும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. பொங்கும் நுரை வெறும் கரியமில வாயு. மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல். (இந்தக் கலவையை மூடிய பாட்டிலில் வைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கவும் கூடும்.)

உங்கள் வெள்ளைக் கறை உப்புநீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு. அதைக் கரைக்க வினிகர் மட்டும் போதும். ஒரு துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள், பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். தடித்த படிவு என்றால் மறுநாளும் செய்யுங்கள். இரவு முழுதும் ஊறவிட வேண்டாம், குழாயின் மெருகு போய்விடும். தரை பளிங்குக் கல் என்றால் ஒரு சொட்டுகூடச் சிந்தக்கூடாது. பளிங்கும் சுண்ணாம்பு வகைதான், பொலிவிழந்துவிடும்.

சோடாவைத் தனியே ஈரத்துணியில் தொட்டு, எண்ணெய்ப் பிசுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வினிகர் வேலையை நாளைக்குத் தள்ளிவையுங்கள்.