உங்களுக்கு மிகவும் பிடித்த பழைய ப்ளூஸ் பதிவுகள் எவை? பாடியவர்கள் யார்?

எனக்கு ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை அறிமுகமானது கல்லூரி விடுதியில், அறைத்தோழன் வைத்திருந்த ஒரு எம்பி3 சிடி மூலம். பாட்டுப் பெயர்கள் எல்லாம் தாறுமாறாக இருக்கும். பிளைண்ட் வில்லி ஜான்சனும் ராபர்ட் ஜான்சனும் அண்ணன் தம்பி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லை.

அந்த வில்லி ஜான்சனிடமிருந்தே தொடங்குகிறேன். 'டார்க் வாஸ் தி நைட், கோல்ட் வாஸ் தி கிரவுண்ட்', 1927 டிசம்பரில் டல்லஸில் பதிவானது. கறாராகப் பார்த்தால் இது ப்ளூஸே இல்லை, அவர் தெருவில் நின்று கிறிஸ்தவப் பாடல்கள் பாடியவர். ஆனால் அந்தக் கிட்டாரைக் கேட்டபின் இதைப் பட்டியலிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. தலைப்பு ஒரு பழைய தேவாலயப் பாட்டின் முதல் வரி. அவரோ ஒரு சொல்லும் பாடுவதில்லை. வெறும் முனகல்தான். கிட்டார் கம்பி மேல் வழுக்கிக்கொண்டே போய் அந்த முனகலைப் பிடிக்கும், சில இடங்களில் எது குரல், எது கம்பி என்று பிரிக்க முடியாது. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்க இசைத்தட்டில் இதுவும் இருக்கிறது. (அதே தட்டில் நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரும் இருக்கிறார்.) பாடியவர் 1945-இல் டெக்சாஸின் போமாண்டில் இறந்தார். வீடு தீப்பிடித்து எரிந்தபின், தீயை அணைத்த தண்ணீரின் ஈரத்திலேயே படுத்து உறங்கி நோயில் விழுந்தார் என்று அவர் மனைவி பிற்காலத்தில் சொன்னார்.

அடுத்து ஸ்கிப் ஜேம்ஸ். 'டெவில் காட் மை வுமன்', 'ஹார்ட் டைம் கில்லிங் ஃப்ளோர் ப்ளூஸ்' இரண்டும் 1931-இல் விஸ்கான்சினின் கிராஃப்டனில் பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாடியவை. பாரமவுண்ட் என்றதும் சினிமாக் கம்பெனி என்று நினைக்காதீர்கள், இதை நடத்தியது நாற்காலி செய்யும் ஒரு கம்பெனி! தட்டு மலிவுச் சரக்கு. முள் வைத்தாலே கரகரவென்று எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். அதற்குப் பின்னால், வெகு தூரத்திலிருந்து, ஒரு மெல்லிய கள்ளக்குரல். அந்த நாளில் பலர் அடித்தொண்டையில் முழங்கிக்கொண்டிருக்க, இவர் உச்சத்தில் நின்று பாடுகிறார், கிட்டாரையும் சோகமான ஒரு மைனர் சுருதிக்கு மாற்றி வைத்துக்கொண்டு. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த நேரம், தட்டு விற்கவில்லை. அவரும் அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு தேவாலயப் பக்கம் போய்விட்டார். 1964-இல் மிசிசிப்பியின் டூனிகாவில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவரை இசைப் பைத்தியங்கள் மூன்று பேர் தேடிக் கண்டுபிடித்தார்கள். சத்தத்தை வடிகட்டிய பதிப்புகளும் கிடைக்கின்றன, ஆனால் எனக்குக் கடுகு வெடிக்க வேண்டும்.

பெஸ்ஸி ஸ்மித்தின் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', 1925 ஜனவரி. மைக் இல்லாத பதிவு, ஒரு பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். ஃப்ரெட் லாங்ஷா வாசிப்பது காலால் மிதிக்கும் ஆர்மோனியம். பெஸ்ஸி ஒரு வரி பாடி நிறுத்தியதும் லூயி ஆம்ஸ்ட்ராங், டிரம்பெட் போன்ற கார்னெட் என்ற ஊதுகருவியில் பதில் சொல்வார். முழுக்கச் சண்டையும் இல்லை, கொஞ்சலும் இல்லை, நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பேச்சு மாதிரி இருக்கும்.

ராபர்ட் ஜான்சனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாற்சந்தியில் பேயிடம் ஆன்மாவை விற்றார் என்ற கதை எனக்கு அலுத்துவிட்டது. அவர் உட்கார்ந்து பயிற்சி செய்ததை யாரும் சொல்வதில்லை. 29 பாட்டுகள் பதிவு செய்து 27 வயதில் போய்விட்டார். 'கம் ஆன் இன் மை கிச்சன்' மட்டும் போதும், அதிலும் மெதுவாகப் பாடிய பதிவு. நடுவில் பாட்டை நிறுத்தி, காற்றடிப்பது கேட்கிறதா என்று ரகசியம் போலக் கேட்பார். கிட்டாரில் காற்று அடிக்கும்.

மின்கிட்டார் காலத்தில் ஒன்றே ஒன்று: ஹவுலின் வுல்ஃப், 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்', 1956. பாட்டு முழுக்க ஒரே கார்டில் (சேர்த்து வாசிக்கும் ஒரே சுரக்கூட்டில்) சுற்றிச் சுற்றி வரும், ஓரிடத்துக்கும் போகாது. போக வேண்டும் என்று தோன்றவும் செய்யாது.

அப்புறம் மிசிசிப்பி ஜான் ஹர்ட். அழுகையும் ஆவேசமும் வேண்டாம் என்கிற நாட்களில் இவர்தான் எனக்கு. 1928-இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சில பாட்டுகள் பாடினார், தட்டு போகவில்லை, ஊருக்குத் திரும்பி வயல் வேலை பார்த்தார். அவற்றில் ஒன்றில், அவலான் என் ஊர் என்று பாடியிருந்தார். அந்த ஒற்றைத் துப்பைப் பிடித்துக்கொண்டு 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்பவர் அவலானுக்கே போய்விட்டார். ஹர்ட் அங்கேயே, எழுபதை ஒட்டிய வயதில், இருந்தார். அதே ஆண்டு மறுபடி பதிவு செய்தார்கள். 1928-இன் 'அவலான் ப்ளூஸ்' ஒன்று, 1963-இன் 'அவலான் ப்ளூஸ்' ஒன்று, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். கட்டைவிரல் தாளம் மட்டும் அப்படியே இருக்கும்.