ஜோடி பாம்பு இருக்குன்னு காசு கேட்டா குடுக்காதீங்க

தாம்பரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க, பக்கத்துல காலி மனை, கொல்லைல நல்ல பாம்பு வந்துச்சாம், பிடிக்க வந்தவர் 3000 ரூபா வாங்கிட்டு 'இதோட ஜோடி இங்கதான் சுத்துது, பழிவாங்க வரும், வீட்டை சுத்தி பவுடர் போடணும், இன்னொரு 8000 ஆகும்'னு சொல்றாராம். வீட்ல சின்னப் பசங்க, குடுக்கலாமான்னு பயப்படறாங்க.

குடுக்காதீங்கக்கா. பாம்பு ஜோடியா குடித்தனம் பண்ற ஜீவன் இல்ல, இனச்சேர்க்கை நேரத்துல சேரும், அப்புறம் அதது வழில போயிடும், பழியும் கிடையாது. பவுடர், பினாயில், பூண்டு எதுக்கும் அது நிக்காது, பினாயில் ஊத்துன வாசப்படி மேலயே சாரை ஏறிப் போனதை நானே பாத்திருக்கேன். பையில ஏற்கனவே பாம்போட வந்து உங்க செங்கல் அடுக்குல எடுத்த மாதிரி காட்றவங்களும் இருக்காங்க, அதனால பையை முதல்ல உதறிக் காட்டச் சொல்லுங்க. இல்லன்னா 101க்கு போன் பண்ணுங்க, தீயணைப்புக்காரங்க வருவாங்க, காசு கிடையாது. அடிக்க மட்டும் அடிக்காதீங்க, 1972 வனவிலங்கு சட்டப்படி அது குற்றம்.

குப்பைக்கு எலி, எலிக்கு பாம்பு, அவ்ளோதான் கணக்கு. அந்த மனையை சுத்தம் பண்ணுங்கன்னு மனு போட்டா ஓனருக்கு நோட்டீஸ் அனுப்பியாச்சுன்னு சொல்லி முடிச்சிடறாங்க, புதர் அப்படியே நிக்குது, ஒரு ஆளை அனுப்பி வெட்ட எத்தனை மழைக்காலம் வேணும்? நீங்க பின்கதவுக்கு அடியில உங்க கட்டை விரல் நுழையுதான்னு பாருங்க, நுழைஞ்சா ரப்பர் பட்டை அடிங்க, பாத்ரூம் தண்ணி போற ஓட்டைக்கு கம்பி வலை போடுங்க.

பாம்பு தானா தேடி வந்து கடிக்காதுன்னு சொல்லுவோம், ஆனா கட்டு விரியன் விஷயத்துல அப்படி நம்பி இருந்துடாதீங்க. ராத்திரில எலி, பல்லி, வேற பாம்புன்னு இரை தேடி வீட்டுக்குள்ள வரும், தரையில பாய் போட்டு படுத்திருக்கறவங்க தூக்கத்துல புரண்டு அது மேல கை போட்டா கடிச்சிடும். பல சமயம் வலிக்காது, வீங்காது, பல்லு பட்ட தடம்கூட தெரியாது. விடியக்காலைல குழந்தை வயித்து வலின்னு அழுவும், கண் இமை தானா சொருகும், அஜீரணம்னு நினைச்சு சோடா குடுத்துட்டு இருப்பாங்க. பசங்களை கட்டில்ல படுக்க வைங்க, தரைன்னா கொசுவலையை பாய்க்கு அடியில சொருகுங்க. இமை சொருகுனா கயிறு கட்டாம, பச்சிலைக்கு போகாம, 108ல நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி போங்க, பாம்பை பிடிச்சு எடுத்துட்டுப் போகத் தேவையில்ல, நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் அங்க ஒரே மருந்துதான்.